எந்தச் சுழியத்திலிருந்து இந்த உயரம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடல் மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தால் கன்னியாகுமரி மாவட்டத்தில் எந்தெந்த ஊர்கள் மூழ்கும் என்று சிவப்பும் நீலமுமாகக் காட்டும் படங்கள் செய்தித்தாள்களிலும் கைப்பேசிகளிலும் அடிக்கடி வருகின்றன. மழைவெள்ளம் வந்தாலும், காற்றில்லாமலே அலை கரையேறும் கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தாலும் அதே பாணியில் ஒரு படம் வருகிறது. அந்தப் படங்களில் மூன்று விவரங்களைத் தேடினால் கிடைப்பதில்லை. உயரத்தை எதைச் சுழியமாக வைத்து எண்ணினார்கள்? அளந்தது தரையையா, மரத்தின் தலையையா? அளந்த ஆண்டு எது? கடலடிப் படமாக இருந்தால் இன்னொரு கேள்வியும் உண்டு: அந்த ஆழம் அளந்ததா, ஊகித்ததா? இந்த விவரங்கள் இல்லாத படத்தைப் பார்த்துத்தான் ஒருவர் வீட்டுமனையை விற்கிறார், ஒரு ஊர் கரையைக் காக்கக் கடலுக்குள் கல் அடுக்கும் தூண்டில் வளைவு கேட்கிறது, இன்னொரு ஊர் வேண்டாம் என்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் சுழியம். முக்கடல் சங்கமத்தில் அலை வந்து காலை நனைக்கும் இடத்தில் நின்றுகொண்டு, செயற்கைக்கோள் தரும் உயரத்தைத் திருத்தாமல் அப்படியே காட்டும் ஆண்ட்ராய்டு செயலி ஒன்றைத் திறந்து பாருங்கள். ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று வராது. கழித்தல் குறியோடு தொண்ணூற்றுச் சொச்சம் மீட்டர் என்று வரும். கருவியில் பழுதில்லை. ஜிபிஎஸ், பூமியை டபிள்யூஜிஎஸ் 84 என்ற வழுவழுப்பான கணக்குக் கோளமாக வைத்துக்கொண்டு, அதன் மேற்பரப்பிலிருந்து உயரத்தை எண்ணுகிறது. கடல் அந்தக் கணக்குப்படி நிற்பதில்லை. ஈர்ப்பு இழுக்கிறபடி நிற்கிறது. ஈர்ப்பைப் பின்பற்றி மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் அந்தப் பரப்புக்கு ஜியாய்டு என்று பெயர். நியூ கினி பக்கம் அது கணக்குக் கோளத்துக்கு மேலே சுமார் 85 மீட்டர் எழும்பி நிற்கிறது. உலகிலேயே மிகக் கீழே இறங்கிக் கிடக்கும் இடம் நமக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே 106 மீட்டர் பள்ளம். பூமியின் உள்ளே அந்த இடத்துக்குக் கீழே அடர்த்தி குறைந்த பொருள் கிடப்பதுதான் காரணம் என்கிறார்கள். அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் நம் மாவட்டம் முழுதும் உட்கார்ந்திருக்கிறது. கப்பலில் போகிறவருக்குச் சரிவு தெரியாது, தண்ணீரும் அங்கே ஓடிப்போகாது. அந்தப் பரப்பு முழுவதும் ஈர்ப்பின் கணக்கில் ஒரே மட்டம்.

இது ஏட்டுச் சங்கதி அல்ல. 2005-ல் ஏவிய கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளின் இரட்டைப் படங்களிலிருந்து நம் நாட்டுக்கென்று உருவாக்கிய கார்ட்டோடெம் உயரத் தரவு இஸ்ரோவின் புவன் இணையத் தளத்தில் கிடைக்கிறது. அதன் உயரங்கள் டபிள்யூஜிஎஸ் 84 கோளத்திலிருந்து எண்ணியவை. இது தெரியாமல் கோப்பைத் திறந்து, சுழியத்துக்குக் கீழ் உள்ளதையெல்லாம் நீலமாக்கு என்று கணினிக்குச் சொன்னால் குளச்சலும் மணக்குடியும் மட்டும் மூழ்காது. நாகர்கோவில் வடசேரியும் தக்கலையும் சேர்ந்தே மூழ்கும். அமெரிக்க விண்வெளி ஓடம் அளந்த எஸ்ஆர்டிஎம் தரவு இஜிஎம் 96 என்ற ஜியாய்டிலிருந்து எண்ணியது. ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் 30 மீட்டர் தரவு இஜிஎம் 2008 ஜியாய்டிலிருந்து எண்ணியது. பாதி ஊருக்குக் கார்ட்டோடெமும் மீதி ஊருக்கு இவ்விரண்டில் ஒன்றும் எடுத்து ஒட்டினால், ஒட்டிய இடத்தில் 90 மீட்டருக்கு மேல் செங்குத்தாக ஒரு பள்ளம் விழும். அதையாவது கண்ணால் பார்த்துப் பிடித்துவிடலாம். இஜிஎம் 96-க்கும் 2008-க்கும் இடையிலான சிறு வித்தியாசம் கண்ணில் படாது, கணக்கில் மட்டும் உட்கார்ந்துகொள்ளும்.

நமக்கென்று நிலத்தில் ஒரு சுழியம் உண்டு. சர்வே ஆஃப் இந்தியா 1858-ல் மட்டமளவை தொடங்கி, கடல் ஏறி இறங்குவதை அளக்கும் கரையோர ஓத நிலையங்களின் சராசரிக் கடல் மட்டத்தைப் பிடித்து, 1909-ல் நாடு முழுவதற்கும் ஒரே கணக்காகச் சரிசெய்தது. நாகர்கோவில் சந்திப்பிலும் கன்னியாகுமரி நிலையத்திலும் நடைமேடை முனையில் நிற்கும் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே எம்எஸ்எல் (சராசரிக் கடல் மட்டம்) என்று எழுதியிருக்கும் உயரம் இந்த வழியில் வந்ததுதான். 1802-ல் சென்னைப் பரங்கிமலை அடிக்கோட்டில் ஆங்கிலேய அளவையாளர் லாம்ப்டன் தொடங்கிய பெரும் முக்கோண அளவையின் தென்கோடியும் கன்னியாகுமரிதான். அதனால் மாவட்டத்தில் அளவைக் கற்களுக்குப் பஞ்சமில்லை. சாலை அகலப்படுத்தும்போது பெயர்ந்துபோனவையும், வீட்டுச் சுவருக்குள் போனவையும் எத்தனை என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கத்தான் ஆளில்லை.

அடுத்து, தரையா தலையா. எஸ்ஆர்டிஎம் தரவை எடுத்தது 2000 பிப்ரவரியில், எண்டெவர் ஓடத்திலிருந்து 60 மீட்டர் நீளக் கம்பம் ஒன்றை நீட்டி, அதன் இரு முனையிலும் ரேடார் அலைவாங்கி வைத்து, 11 நாள் பறந்து. அந்த ரேடாரின் அலைநீளம் ஆறு சென்டிமீட்டருக்குக் குறைவு. இலையும் மட்டையும் அதைத் திருப்பி அனுப்பிவிடும். கரையோரத் தென்னந்தோப்பில் அது காட்டும் உயரம் தரைக்கும் கொண்டைக்கும் நடுவே எங்கோ ஒரு புள்ளி. மரம் 15 மீட்டர் என்றால் தரை சில மீட்டர் மேட்டில் இருப்பதாகப் படம் சொல்லும். உண்மையில் ஒன்றரை மீட்டரில் கிடக்கும் ஊர், தோப்பின் தயவில் பாதுகாப்பாகத் தெரியும். அதே படத்தில், மரமில்லாத பக்கத்து ஏலா, அதாவது வயல்வெளி, மூழ்குவதாகத் தெரியும். தென்னையும் ரப்பரும் மண்டிய நம் மாவட்டத்தில் இது சின்னப் பிழை அல்ல. கோப்பர்னிக்கஸ் தரவிலிருந்து மரத்தையும் கட்டடத்தையும் கணக்குப்போட்டு நீக்கி, பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 2022-ல் ஃபேப்டெம் என்றொரு தரவை வெளியிட்டார்கள். கரையோர வேலைக்கு எஸ்ஆர்டிஎம்மை விட அது எவ்வளவோ தேவலை. ஆனாலும் அது நீக்கியது கணக்கால். தரையைக் கோல் வைத்து அளந்தது அல்ல.

எஸ்ஆர்டிஎம் கோப்பில் இன்னொரு சங்கதி பலருக்குத் தெரிவதில்லை. அதில் உயரங்கள் முழு மீட்டரில்தான் பதிவாகியிருக்கின்றன. 1, 2, 3 என்றுதான் இருக்கும், 1.4 என்று எங்கும் இருக்காது. நம் மாவட்டம் முழுவதும் என்08ஈ077 என்ற ஒரே ஒரு சதுரக் கோப்புக்குள் அடங்கிவிடும். 3,601 கிடைவரிசை, 3,601 நெடுவரிசை. அந்தக் கோப்பை வைத்து அரை மீட்டர் கடல் உயர்வுக்கு ஒரு படம், 80 சென்டிமீட்டருக்கு ஒரு படம் என்று வரைந்தால் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். வேறாக இருந்தால் இடையில் யாரோ கணினியைக் கொண்டு புள்ளிகளை மெழுகியிருக்கிறார்கள் என்று பொருள்.

தட்டையான நிலத்தில் இந்தப் பிழை எப்படிப் பெருகும் என்பதைச் சிறு கணக்கில் பார்க்கலாம். 200 மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் ஏறும் நிலம் என்று வையுங்கள். உயரத்தில் ஒரு மீட்டர் தவறினால் தண்ணீர்க் கோடு 200 மீட்டர் தள்ளிப்போகும். இரண்டு மீட்டர் தவறினால் 400 மீட்டர். மீனவ ஊர்கள் பலவற்றில் கடலுக்கும் கோயிலுக்கும் இடையே மொத்தமே அவ்வளவுதான். இதற்கு மேல், ‘தாழ்ந்த இடமெல்லாம் நிரம்பும்’ என்ற முறையில் வரையும் படங்கள் கடலோடு தொடர்பே இல்லாத உள்நாட்டுக் குளத்தையும் வயலையும் மூழ்கடித்துக் காட்டும். தண்ணீர் வரப் பாதை வேண்டும். பழையாறு கடலில் சேரும் பொழிமுகம் பாதை. கரையோரமாக ஓடும் ஏவிஎம் கால்வாய் பாதை. நான்கு வழிச்சாலைக்கு எழுப்பிய மண்மேடு தடை. அதன் அடியில் தண்ணீர் போகப் போட்ட கல்வெர்ட் மறுபடி பாதை. 2000-ல் அளந்த தரவில் அந்த மண்மேடு இல்லை. 30 மீட்டர்க் கட்டத்தில் கல்வெர்ட் எந்தக் காலத்திலும் தெரியாது. அவற்றை நேரில் போய்ப் பார்த்து, கீழ்மட்டத்தை அளந்து, கணக்கில் கையால் சேர்க்க வேண்டும்.

படத்தை வெளியிடுமுன் சரிபார்க்க வழி எளிது. திறந்தவெளியில், மரமும் கட்டடமும் இல்லாத இடங்களில், பள்ளி மைதானம், சாலைச் சந்திப்பு, படகு ஏற்றும் தளம் என்று குறைந்தது 30 புள்ளிகளை ஆர்டிகே ஜிஎன்எஸ்எஸ் (சென்டிமீட்டர்த் துல்லியத்தில் செயற்கைக்கோள் வழி இடங்காட்டும்) கருவியால் அளந்து, ஜியாய்டு திருத்தம் செய்து, தரவின் உயரத்தோடு கழித்துப் பார்க்க வேண்டும். எல்லா வித்தியாசமும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் சுழியம் தவறு. இங்கும் அங்குமாகச் சிதறினால் தரவின் இயல்பான பிழை. தோப்புக்குள் தனியாக இன்னொரு 30 புள்ளி எடுத்தால் மரத்தால் வரும் பிழையும் எண்ணாகவே கையில் கிடைத்துவிடும். கருவிக்கு ஆதாரமாக வைக்கும் அடிப்புள்ளியை அளவைக் கல்லோடு ஆட்டோ லெவல் என்ற மட்டக் கருவி வைத்து இணைக்கும்போது, போன வழியே திரும்பி வந்து முடிப்பது அவசியம். நான்கு கிலோமீட்டர்ச் சுற்றில் முடிவுப் பிழை 24 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். அதாவது கிலோமீட்டரின் வர்க்கமூலத்தை 12-ஆல் பெருக்கிய அளவு. முன்பார்வையும் பின்பார்வையும் (முன்னும் பின்னும் அளவுக்கோலைப் படிக்கும் இடங்கள்) சம தூரத்தில் வைத்தால் கருவியின் சாய்வுப் பிழை தானாகக் கழிந்துபோகும். கடற்கரை மணலில் ஸ்டாஃப் என்ற அந்த அளவுக்கோல் மெல்ல அமுங்குவதுதான் இந்த வேலையில் அதிகம் ஏமாற்றுவது. அடியில் இரும்புத் தட்டு போடாமல் நிறுத்தினால், ஒவ்வொரு திருப்பத்திலும் சில மில்லிமீட்டர் மணலுக்குள் போய்விடும்.

இனி கடல். இணையத்தில் நாம் பார்க்கும் நீலக் கடலடிப் படங்கள் பெரும்பாலும் ஜெப்கோ தரவிலிருந்து வருபவை. மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் முயற்சியில் 1903-ல் தொடங்கிய வேலை அது. இன்று 15 கோண விநாடிக் கட்டமாக, அதாவது ஏறக்குறைய 460 மீட்டருக்கு ஓர் எண்ணாக, உலகம் முழுவதற்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அற்புதமான வேலைதான். ஆனால் அதன் ஒரு கட்டத்துக்குள் நிலத்தின் 30 மீட்டர்க் கட்டம் 225 அடங்கும். தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாய் முழுவதும் அதில் ஒரு புள்ளிகூட ஆகாது. விவேகானந்தர் பாறை நிற்கும் திட்டு, கரையோடு கலந்து காணாமல் போகும்.

அதைவிட முக்கியம், அந்த எண்களில் எது அளந்தது என்பது. உலகக் கடலடியில் இன்றைய தரத்தில் அளந்தது கால் பங்கைச் சற்றே தாண்டியிருக்கிறது; உலகக் கடலடி முழுவதையும் அளந்து படமாக்கும் சீபெட் 2030 திட்டம் 2017-ல் தொடங்கியபோது 6 சதவீதம்தான் இருந்தது. மீதி எப்படி வந்தது? கடலடியில் ஒரு மலை இருந்தால் அதன் நிறை தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். 2,000 மீட்டர் உயர மலைக்கு மேலே கடல் பரப்பு சுமார் இரண்டு மீட்டர் புடைக்கும். அந்தப் புடைப்பைச் செயற்கைக்கோள் ரேடார் மேலிருந்து அளக்கிறது; அதிலிருந்து அடியில் மலை இருக்கிறது என்று கணிக்கிறார்கள். ஆழ்கடலில் பெரிய மலைத்தொடர்களைப் பிடிக்க இது போதும். கரையோரத் திட்டில், வண்டல் மூடிய தட்டையான தரையில், பத்து மீட்டர் உயரப் பாறை எந்தப் புடைப்பையும் உண்டாக்காது. நமக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் வாட்ஜ் பேங்க் போன்ற மேட்டில் மீன் கூடுவதே அப்படிப்பட்ட சிறு சிறு பார்களில், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளில்தான். செயற்கைக்கோள் கணிப்பில் அவை இல்லை. கரை அடையாளங்களை வைத்துக் கடலில் இடம் குறிக்கும் மீனவரின் கணியத்தில் இருக்கின்றன.

ஜெப்கோ இதை ஒளிக்கவில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் மூலம் எது என்று சொல்லும் டிஐடி என்ற துணைக் கோப்பைக் கூடவே தருகிறது. 11 என்றால் பல்கற்றை எதிரொலிக் கருவியால், அதாவது ஒரே நேரத்தில் பல ஒலிக்கற்றைகளை அனுப்பும் கருவியால், அளந்தது. 10 என்றால் ஒற்றைக் கற்றை. 40 என்றால் ஈர்ப்பிலிருந்து கணித்தது. 41 என்றால் அக்கம்பக்கத்து எண்களை வைத்து நிரப்பியது. படம் போடுகிறவர்கள் இந்தக் கோப்பையும் திறந்து, 40, 41 வரும் இடங்களைச் சாம்பல் நிறத்தில் மங்கலாகக் காட்டினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அரை மணி நேர வேலை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம்: அலை உடையும் கோட்டிலிருந்து பத்து மீட்டர் ஆழம் வரை உள்ள பட்டை. நிலத்தை அளக்கிறவர் கரையோடு நின்றுவிடுகிறார். கடலை அளக்கும் கப்பல் அவ்வளவு ஆழமில்லாத இடத்துக்கு வருவதில்லை. உலகின் பல கரைகளில் இந்தப் பட்டை வெறுமையாகவே கிடக்கிறது. ஆழ்கடலை அளப்பதைவிட இதை அளப்பது மலிவு என்று நினைப்பது இயல்பு, உண்மை தலைகீழ். பல்கற்றைக் கருவி ஒரே நேரத்தில் துழாவும் அகலம் ஆழத்தைப் போல மூன்று நான்கு மடங்கு. 4,000 மீட்டர் ஆழத்தில் கப்பல் ஒருமுறை போனால் 12 கிலோமீட்டர் அகலத்துக்கு மேல் படமாகிவிடும். ஐந்து மீட்டர் ஆழத்தில் ஒருமுறை போனால் கிடைப்பது 15, 20 மீட்டர்தான்.

ஆனால் நம் வாழ்வைத் தீர்மானிப்பது இந்தப் பட்டைதான். ஆழிப்பேரலை 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் வரும். பத்து மீட்டர் ஆழத்தில் 36 கிலோமீட்டராகக் குறையும். முன்னால் போனது தயங்க, பின்னால் வருவது ஏறி, அலை நிமிரும். எங்கே நிமிரும், எந்தப் பக்கம் வளைந்து குவியும் என்பது அடித்தரையின் வடிவம் சொல்வது. 2004 டிசம்பர் 26 அன்று கொட்டில்பாட்டையும் குளச்சலையும் மணக்குடியையும் தாக்கிய அதே அலை எல்லா ஊரிலும் ஒரே உயரத்தில் ஏறவில்லை. மணக்குடிப் பாலம் போனது பொழிமுக வழியில் வந்த தண்ணீரால். தென்கடலில் எங்கோ எழும்பிக் காற்றே இல்லாத நாளில் வந்து இழுக்கும் கள்ளக்கடலுக்கும் இதே கணக்குதான்.

அளப்பது எப்படி? பெரிய கப்பல் வேண்டாம். ஒரு ஃபைபர் வள்ளம், பக்கவாட்டில் கம்பத்தில் கட்டிய, ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் 200 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்டியூசர், அதே கம்பத்தின் உச்சியில் ஜிஎன்எஸ்எஸ் அலைவாங்கி, ஒரு மடிக்கணினி. கம்பம் ஆடக் கூடாது. இஞ்சினுக்கும் விசிறிக்கும் தள்ளி, வள்ளத்தின் நடுப்பகுதியில் இருக்க வேண்டும். விசிறி கிளப்பும் காற்றுக்குமிழி டிரான்ஸ்டியூசருக்கு அடியில் வந்தால் எதிரொலி செத்துப்போகும். திரையில் தரை இருந்த இடத்தில் வெறும் புகை தெரியும். தண்ணீர் மட்டத்திலிருந்து டிரான்ஸ்டியூசர் முகம் வரை உள்ள ஆழத்தைக் காலையும் மாலையும் அளந்து எழுத வேண்டும், டீசல் தீரத் தீர வள்ளம் மிதந்து எழும்.

கருவி நேரத்தைத்தான் அளக்கிறது, ஆழத்தை அல்ல. ஒலி போய்த் திரும்பும் நேரத்தைப் பாதியாக்கி, ஒலியின் வேகத்தால் பெருக்குகிறது. பல கருவிகளில் தொழிற்சாலையிலேயே விநாடிக்கு 1,500 மீட்டர் என்று வைத்து அனுப்புகிறார்கள். நம் கடலின் 28 டிகிரி வெப்பத்திலும் உப்பிலும் ஒலி 1,540 மீட்டர் ஓடும். மாற்றாமல் விட்டால் 20 மீட்டர் ஆழம் 19.5 என்று காட்டும். எல்லா இடமும் இரண்டரை சதவீதம் மேடாகிவிடும். தென்மேற்குப் பருவத்தில் அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலேறி வரும் நாள்களில் கணக்கு மறுபடி மாறும். எனவே தினமும் ஒருமுறையாவது வேகத்தைச் சரிபார்க்க வேண்டும். அதற்குப் பழைய முறையே போதும்: அடையாளமிட்ட சங்கிலியில் இரும்புத் தட்டு ஒன்றைக் கட்டி டிரான்ஸ்டியூசருக்கு நேர் கீழே 2, 4, 6, 8, 10 மீட்டரில் இறக்கி, கருவி என்ன சொல்கிறது என்று பார்ப்பது. ‘பார் செக்’ என்பார்கள். மீனவர் சொல்லும் கடலடிப் பார் வேறு. எல்லா ஆழத்திலும் ஒரே அளவு தவறினால் டிரான்ஸ்டியூசர் ஆழத்தைத் தவறாகப் பதிந்திருக்கிறோம். ஆழம் கூடக் கூடத் தவறும் கூடினால் ஒலிவேகம் தப்பு.

கோடுகள் கரைக்குச் செங்குத்தாக ஓட வேண்டும், கரையோடு இணையாக அல்ல. அப்போதுதான் சரிவு பிடிபடும். அவற்றைக் குறுக்கே வெட்டிச் சில கோடுகள் ஓட்டி, சந்திக்கும் இடத்தில் இரண்டு ஆழமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஜிஎன்எஸ்எஸ்ஸுக்கும் எதிரொலிக் கருவிக்கும் இடையே ஒரு விநாடி தாமதம் இருந்தாலும், நான்கு நாட் (மணிக்கு ஏழு கிலோமீட்டர் சொச்சம்) வேகத்தில் பாறை இரண்டு மீட்டர் தள்ளி விழும். அதே கோட்டில் எதிர்த் திசையில் ஓடினால் மறுபக்கம் இரண்டு மீட்டர். ஒரே பாறை நான்கு மீட்டர் இடைவெளியில் இரண்டு பாறையாகத் தெரிந்தால் காரணம் இதுதான். தரையில் ஒழுங்காக, ரம்பப் பல் போல அரை மீட்டர் மேடுபள்ளம் தெரிந்தால் அது மணல் வரி அல்ல, வள்ளம் அலையில் ஏறி இறங்கியது. ஆட்டத்தைக் கழிக்கும் கருவி இல்லையென்றால் அலை அரை மீட்டரைத் தாண்டும்போது வேலையை நிறுத்துவதே நல்லது. நம் மேற்குக் கரையில் டிசம்பர் பாதியிலிருந்து ஏப்ரல் வரை, விடிந்ததிலிருந்து காற்று எழும் வரை உள்ள நான்கைந்து மணி நேரம்தான் இதற்கு வாய்ப்பு.

அலை உடையும் இடத்துக்குள் வள்ளம் போக முடியாது. கடல் இறங்கும் வற்றத்தில் கரையிலிருந்து மார்பளவு தண்ணீர் வரை ஜிஎன்எஸ்எஸ் பொருத்திய ரோவர் கோலோடு நடந்து அளப்பது, ஏற்றத்தில் கடலிலிருந்து முடிந்தவரை உள்ளே வந்து அளப்பது, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழச் செய்வது என்பது வழக்கமான முறை. நம் கரையில் ஓதம் ஒரு மீட்டருக்குள்தான் என்பதால் இரண்டும் சந்திக்காமல் நடுவே ஒரு கீற்று விட்டுப்போகும். அதற்குச் சறுக்குச் சட்டம் ஒன்று செய்து, அதில் உயரமான கம்பம் நட்டு, உச்சியில் அலைவாங்கி வைத்து, வள்ளத்தால் வெளியே கொண்டுபோய் விட்டு, கரமடி வலை இழுப்பதுபோலக் கரையிலிருந்து கயிற்றால் இழுக்கலாம். இரண்டு மீட்டருக்கு ஓர் அளவு தானாகப் பதிவாகும். தூய்மையான கடலில் செயற்கைக்கோள் படத்தின் நீலப் பச்சை நிறங்களை வைத்து ஆழம் கணிக்கும் முறையும் உண்டு. ஆனால் மணவாளக்குறிச்சிப் பக்கம் கருமணல் அடித்தரை ஒளியை விழுங்கிவிடும். இருண்டு தெரிவதை ஆழம் என்று கணக்கு நம்பும். மழைக்கால ஆற்றுக் கலங்கலிலும் அது பயன்படாது.

கடல் வரைபடத்தின் சுழியம் நிலத்தின் சுழியம் அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கப்பல் தரை தட்டக் கூடாது என்பதற்காகக் கடல் வரைபடங்கள் ஏறக்குறைய மிகத் தாழ்ந்த வற்றத்தைச் சுழியமாக வைக்கின்றன. நிலப்படம் சராசரிக் கடல் மட்டத்தை. ஓதம் பத்து மீட்டர் ஏறும் பாவ்நகரில் இது பெரிய பள்ளம். நமக்கு அரை மீட்டர் அளவுதான் வரும். ஆனால் நாம் பேசுவதே அரை மீட்டர், ஒரு மீட்டர் உயர்வைப் பற்றி. துறைமுகப் பகுதிக்கு உலக நீரளவை அமைப்பின் சிறப்புத் தரம் பத்து மீட்டர் ஆழத்தில் அனுமதிக்கும் மொத்தப் பிழை 26 சென்டிமீட்டர். சுழியத்தைக் குழப்பினால் அந்த அளவு முழுவதும் அதிலேயே தீர்ந்து, அதற்கு மேலும் போய்விடும்.

செலவைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. மாவட்டக் கடற்கரை ஏறக்குறைய 70 கிலோமீட்டர். நூறு மீட்டருக்கு ஒரு கோடு, ஒவ்வொன்றும் கடலுக்குள் ஒரு கிலோமீட்டர் என்று வைத்தால் 700 கோடு, 700 கிலோமீட்டர் ஓட்டம். நான்கு நாட் வேகத்தில் 95 மணி நேரம். காலையில் நான்கு மணி நேரம் வேலை என்றால் 24 நாள். திருப்பம், குறுக்குக் கோடு, கெட்ட வானிலை எல்லாம் சேர்த்து இரண்டு மாதம் வைத்துக்கொள்ளலாம். 2021 பிப்ரவரியில் வந்த புவியிடத் தரவு வழிகாட்டுதலுக்குப் பிறகு இந்திய நிறுவனங்களுக்கு முன்பிருந்த அனுமதிக் கெடுபிடியும் தளர்ந்துவிட்டது. பொழிமுகங்களையும் துறைமுக வாய்களையும் மட்டும் பருவமழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை என ஆண்டுக்கு இருமுறை அளக்க வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் கரை மணல் வெளியே போய்த் திட்டாகும், அடங்கிய காலத்தில் திரும்பி வரும். தேங்காய்ப்பட்டணம் வாயில் மணல் அடைத்துப் படகு கவிழ்வதை மாவட்டமே அறியும். அந்த மணல் எந்த மாதம் எங்கே எத்தனை கன மீட்டர் சேர்கிறது என்பதை இரண்டு அளவைகளைக் கழித்துச் சொல்லிவிடலாம். எத்தனை தோண்டினார்கள் என்பதையும் அதே கழித்தல் சொல்லும்.

மீனவர்களின் பங்கு இதில் பெரிது. பெரும்பாலான விசைப்படகில் எதிரொலிக் கருவியும் ஜிபிஎஸ்ஸும் ஏற்கெனவே இருக்கின்றன. கடற்கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் என்எம்இஏ 0183 என்ற முறையில் ஆழத்தையும் இடத்தையும் அவை விநாடிக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே போகின்றன. கேட்டு எழுத ஆளில்லாமல் காற்றில் போகிறது. விநாடிக்கு 4,800 பிட் வேகத்தில் கேட்டு மெமரி கார்டில் எழுதும் ஒரு சிறு பதிவுப் பெட்டி போதும். பத்து மணி நேரத்துக்கு 36,000 அளவுகள். டிரான்ஸ்டியூசர் தண்ணீருக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதைப் படகு வாரியாக ஒருமுறை எழுதி வைத்தால் மீதியை மேசையில் திருத்திக்கொள்ளலாம். ஒன்று மட்டும் உறுதியாக வேண்டும். கரையின் மலையையும் கோபுரத்தையும் ஒன்றோடொன்று கோத்துக் கணியம் பார்த்து, பாகக் கணக்கில் கயிறு விட்டு, தலைமுறையாகக் கண்டுபிடித்த பார்களின் இடம் மீனவரின் சொத்து. துறைமுக வாயைச் சுற்றி ஐந்து கடல் மைல் தவிர மற்ற இடப் பதிவுகள் அவர் சம்மதம் இல்லாமல் வெளியே போகக் கூடாது. பெட்டியிலேயே அந்த எல்லையைக் கட்டி வைக்க முடியும். எல்லை தாண்டியதும் பதிவு நின்றுவிடும்.

பத்திரிகைகளிடம் நாங்கள் கேட்பது ஒரு வரி. உயரப் படமோ ஆழப் படமோ வெளியிடும்போது, கீழே சின்ன எழுத்திலாவது, எந்தச் சுழியம், எந்த ஆண்டு, தரையா மேற்பரப்பா, அளந்ததா கணித்ததா என்று போடுங்கள். கொடுத்தவரிடம் கேளுங்கள், அவரால் சொல்ல முடியாவிட்டால் படத்தை நிறுத்தி வையுங்கள்.

மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பது: சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் ஆகிய நான்கு துறைமுகங்களிலும் கான்கிரீட்டில் பதித்த பித்தளை ஆணி ஒன்று, அதன் உயரம் இரண்டு சுழியத்திலும் எழுதிய பலகை, பக்கத்தில் ஐந்து சென்டிமீட்டர்ப் பட்டையிட்ட ஓதக் கம்பம் ஒன்று. கம்பத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, அமாவாசை பௌர்ணமி இரண்டும் அடங்க குறைந்தது 30 நாள் படித்து எழுத வேண்டும். அளவெடுப்பு டிசம்பரில் தொடங்க வேண்டுமானால் கம்பங்கள் அக்டோபர் இறுதிக்குள் நின்றாக வேண்டும். வடகிழக்குப் பருவத்தில் மிதந்து வரும் மரக்கட்டை மோதாதபடி, அலைத்தடுப்புக்கு உட்பக்கம் நட வேண்டும்.

இப்படிக்கு,
நில அளவை, கடலடி அளவைப் பணியில் உள்ளோர்,
நாகர்கோவில்.